என் பெட்டிக்கு வந்த அவள் கடிதம்

எங்கள் சந்தில் பதினேழு குடும்பங்களுக்கு ஒரே மின்னஞ்சல் முகவரி. அது என்னுடையது.

யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. டெலிபோன் அபூர்வமாக இருந்த காலத்தில் தாராவியில் பி.பி. நம்பர் என்று ஒன்று உண்டு. போன் இருக்கும் ஒரு வீட்டின் எண்ணைச் சந்து முழுவதும் கல்யாணப் பத்திரிகையிலும் வேலை விண்ணப்பத்திலும் போட்டுக்கொள்ளும். அழைப்பு வந்தால் அந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்திக் கூப்பிட வேண்டும். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒழியவில்லை, மின்னஞ்சலுக்கு மாறிக்கொண்டது. படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட அந்தக் கட்டம் வந்ததும் எல்லாரும் என் முகவரியை நிரப்பினார்கள். நான் மாட்டுங்காவில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் இருபத்தாறு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கிலீஷ் லெட்டர் என்றால் சந்தில் யாருக்கும் என் வீட்டு வாசல்தான்.

எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யார் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கிளம்பியது, யார் மகன் கணக்கில் பெயில், யார் மின்கட்டணம் கட்டவில்லை எல்லாம் அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். காலையில் டீயோடு உட்கார்ந்து போனைத் திறந்தால் சந்தே என் மடியில் கிடக்கும்.

என் சுபாவம் சந்தேகம். காய்கறிக்காரர் தராசில் விரல் வைக்கிறாரா, ஆட்டோ மீட்டர் ஓடுகிற வேகம் சரியா, பால் பாக்கெட்டின் ஓரத்தில் ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை. "எமனே வந்தாலும் ஐ.டி. கார்ட காட்டுன்னு வாசல்ல நிக்க வச்சிருவா" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இந்தக் கிண்டலை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

இந்த இரண்டு மூன்று வருடங்களாகப் பெட்டியில் கடன் மெயில்கள் குவிய ஆரம்பித்தன. ஐந்து நிமிடத்தில் கடன். ஆவணம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். உங்களுக்கு இரண்டு லட்சம் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுவிட்டது, இன்று மட்டும்தான். நான் மூன்று அடையாளம் வைத்திருந்தேன். பெயர் சொல்லாமல் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று தொடங்கினால் ஒன்று. இத்தனை நாளுக்குள் என்று அவசரப்படுத்தினால் இரண்டு. இதைத் திறந்து பார் என்று ஏதாவது இணைத்திருந்தால் மூன்று. இந்த மூன்றும் இருந்தால் முழுதாகப் படிப்பதுகூட இல்லை, அழித்துவிடுவேன். அழித்தவை போய் விழும் குப்பைத்தொட்டியையும் விடமாட்டேன். வாசல் பெருக்குவது போலத் தினமும் அதையும் காலி செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடுத்த வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது இளையவள். எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் அண்ணி முறை வைத்து என்னை மைனி என்று கூப்பிடுவாள். மாட்டுங்காவில் இரண்டு பாலக்காட்டுக் குடும்பங்களில் சமையல் செய்கிறாள். கணவர் டெம்போ ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூரில். ஒரே மகள். தன் வீட்டுப் பூட்டு சரியில்லை என்று சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதை என் பீரோவில்தான் வைப்பாள். வேண்டும்போது வந்து கேட்பாள். எடுத்துக் கொடுத்தால் அப்படியே சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வாள்.

"எண்ணி வாங்குட்டி. எத்தன தடவ சொல்லுதேன்" என்பேன்.

"நீங்க தந்தத எண்ணுனா எனக்குத்தான் பாவம் மைனி" என்று போய்விடுவாள்.

சென்ற ஜூனில் அவள் மகளுக்கு செம்பூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் தவணை நாற்பதாயிரம் ரூபாய். என் பீரோவில் இருந்தது பன்னிரண்டாயிரம். மாதச் சீட்டில் அவள் முறை வர இன்னும் நாளிருந்தது. வங்கியில் கேட்டாள், வீட்டுக்குக் காகிதம் கேட்டார்கள். எங்கள் வீடுகளுக்குக் காகிதம் இருந்தால் நாங்கள் ஏன் வங்கிக்குப் போகிறோம்? அவள் என்னிடம் கேட்கவில்லை. நான் தருகிறேன் என்று என் வாயிலும் வரவில்லை. கடன் அன்பை முறிக்கும் என்று கடைகளில் எழுதி வைத்திருப்பார்களே, அதைச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். மகள் போனில் ஏதோ கடன் விளம்பரத்தைப் பார்த்துப் படிவம் நிரப்பியிருக்கிறாள். மின்னஞ்சல் கட்டத்தில், சின்ன வயதிலிருந்து பழகியபடி, என் முகவரி.

இரண்டாம் நாள் மெயில் வந்தது. ஐம்பதாயிரம் அனுமதி, ஃபைல் சார்ஜ் கட்டினால் அன்றே கணக்கில் விழும், கீழே உள்ள எண்ணில் பேசவும். என் மூன்று அடையாளங்களும் அதில் இருந்தன. அழித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. தாயையும் மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, கதாகாலட்சேபம் மாதிரி வரிவரியாக வாசித்து, வரிக்கு வரி நக்கல் அடித்தேன். "கடன் குடுக்கிறவன் நம்மகிட்ட எதுக்குட்டி முதல்ல காசு கேக்கான்? இந்தா, நம்பர் வேற போட்டிருக்கான் பாரு" என்று அந்தப் பத்து இலக்கத்தையும் ராகம் போட்டுப் படித்தேன். மகள் வாசற்படியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

தாய் சிரிக்கவில்லை. "சீட்டு எடுக்கணும்னாலும் முதல்ல தள்ளுபடி விடணும்லா மைனி. இந்த வீட்டுக்கு வரும்போது டிபாசிட் குடுத்தோம். ரேஷன் கார்டுக்கு ஏஜெண்டுக்குக் குடுத்தோம். கைய விட்டுக் குடுக்காம பம்பாய்ல எது வந்திருக்கு?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "கூறு கெட்டவளே, இவன் களவாணிட்டி. சோலி முடிஞ்சுது, போய் அடுப்பப் பாரு" என்று அவள் கண் முன்னாலேயே அதை அழித்தேன்.

மறுநாள் வந்து, கல்லூரிக்குக் கட்டத் தொடங்குகிறோம் என்று சொல்லிப் பணத்தைக் கேட்டாள். ஐந்து ரூபாய் கொத்தமல்லிக்கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குகிற நான், ஒரு கேள்வி கேட்காமல் பன்னிரண்டாயிரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல எண்ணாமல் செருகிக்கொண்டு போனாள்.

நான்கு நாள் கழித்து மத்தியானம் வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மைனி, லோன் லெட்டர் வந்துச்சா?"

என்ன லோன் என்று கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அன்று நான் படித்த எண்ணை மகள் போனில் குறித்துக்கொண்டிருக்கிறாள். பேசியவன் இந்தியில் ஆண்டி, ஆண்டி என்று தேனாக ஒழுகியிருக்கிறான். பணத்தை மகள் கணக்கில் போட்டு, அங்கிருந்து மூன்று முறை அனுப்பியிருக்கிறார்கள். முதலில் ஃபைல் சார்ஜ். பிறகு இன்சூரன்ஸ். அன்று காலையில் வரி. அனுமதிக் கடிதத்தை மெயிலில் அனுப்பிவிட்டேன், டென்ஷன் மத் லோ, கவலையே வேண்டாம் என்று சொன்னவன் அதன்பின் போனை எடுக்கவில்லை.

"ஒண்ணும் வரலட்டி. அவன் ஏமாத்திட்டான்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அனுப்பிட்டேன்னு சத்தியம் பண்ணுதான். உங்க பெட்டிக்குத்தான் வரும். எங்களுக்கு வந்தத நீங்க மறைச்சிட்டியளா மைனி?"

வாழ்க்கையில் என்னை அப்படி ஒருவர் கேட்டதில்லை. போனை அவள் கையில் திணித்து, பாரு, நீயே பாரு என்று கத்தினேன். மேலும் கீழும் தள்ளிக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. குப்பைத்தொட்டியையும் திறந்து காட்டினேன். அதில் ஒன்றுமே இல்லை. அது அவளுக்கும் புரிந்தது.

"இது ஏன் காலியா கெடக்கு?" என்றாள்.

தினமும் காலி செய்வேன் என்று நான் சொன்னது என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். பிறகு அவளே, "நீங்க அப்படிச் செய்ய மாட்டிய. ஏதோ புத்தி கெட்டுப் பேசிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே ஓடினோம். சைபர் புகார் எண்ணுக்குப் போன் செய்தோம். மகளின் கணக்கு இருந்த வங்கிக் கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். நான்தான் இங்கிலீஷில் எழுதினேன். புகாரில் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். யோசிக்காமல் என்னுடையதைப் போட்டேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரி. காலையில் போன பணத்தையாவது தடுக்கப் பார்க்கலாம், எதுவானாலும் மெயிலில் வரும் என்றார். புகார் எண்ணை வீட்டுச் சமையலறையில் தொங்கும் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அவள் கல்லூரியில் கெஞ்சி மாதக் கடைசிவரை அவகாசம் வாங்கினாள். சீட்டு நடத்தும் அக்காவிடம் அழுது, கூடுதலாகத் தள்ளுபடி விட்டு, இருபத்தெட்டாயிரம் எடுத்தாள். மிச்சம் பன்னிரண்டு. பாதியாவது திரும்பி வந்தால் மீதியை வேலை செய்யும் வீடுகளில் முன்பணமாகக் கேட்கலாம் என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு சாயங்காலமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "மைனி, லெட்டர் வந்துச்சா?"

"இல்லட்டி."

புகார் கொடுத்த வாரத்திலிருந்து என் பெட்டிக்கு வேறு வகை மெயில்கள் வரத் தொடங்கின. எங்கிருந்துதான் மோப்பம் பிடிப்பார்களோ! இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஒன்று. நுகர்வோர் பாதுகாப்பு மையம் என்று பெரிய முத்திரையோடு ஒன்று, அதற்கும் ஒரு சர்வீஸ் சார்ஜ். திருடனே போலீஸ் உடுப்பையும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முதல் வரியைப் பார்த்ததும் அழித்தேன். அழித்ததைக் காலியும் செய்தேன். இந்த முறை யாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டவில்லை, மூச்சுகூட விடவில்லை. ஒரு முறை படித்துக் காட்டியதில் பட்ட பாடு போதாதா?

அவற்றில் ஒன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் புகார் தொடர்பாக ஒரு தொகை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு ஏழு நாட்களுக்குள் கிளையில் ஒப்படைக்கவும்' என்று இருந்தது. பெயர் இல்லை, அவசரம் இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது. மூன்றும் சரி. வாய்விட்டுச் சிரித்தேன். "இப்பதான் ரெண்டு நாளா ஒழுங்கா எழுதப் பழகிருக்கானுவ" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான்கு நாள் கழித்து அதே மாதிரி இன்னொன்று வந்தது. அதற்குச் சிரிக்கக்கூட இல்லை.

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான் தனியாக வங்கிக்குப் போனேன். கையில் கொடுத்த புகாருக்கு இத்தனை நாளாகப் பதிலில்லையா என்று சண்டை பிடிக்கவே போனேன். வாசலில் நுழையும்போதே குரலை உயர்த்திவிட்டேன். அதே அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், ரெண்டு தடவ அனுப்பியிருக்கோம். பதில் வரலை. டயம் முடிஞ்சு போச்சு" என்றார் இந்தியில்.

திரையில் என் முகவரி எழுத்து மாறாமல் இருந்தது. கீழே அதே வரிகள், அதே ஏழு நாட்கள். மேலே ஓரத்தில் ஒரு எண். அந்த எண் என் சமையலறைக் காலண்டரில் இருக்கிறது. தினமும் உப்பு எடுக்கும்போது என் கண்ணில் படுகிற எண். அந்த மெயிலில் யாரும் என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. எங்கேயும் பணம் அனுப்பச் சொல்லவில்லை, கிளைக்கு வா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு நாலு எட்டு நடந்து அந்த எண்ணோடு ஒத்துப் பார்த்திருந்தால் போதும். சந்தேகப்படுவதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள், சரிபார்ப்பதில் கோட்டை விட்டேன்.

நிறுத்தி வைத்திருந்தது மூன்றாவதாகப் போன ஐந்தாயிரம். தடை நீங்கிவிட்டது, இனி பணம் போன அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்றார் அதிகாரி. புதிதாக எழுதிக் கொடுங்கள், மேலே குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதலாம், ஆனால் நாளாகும் என்றார். நான் மறுபடி எழுதிக் கொடுத்தேன். மின்னஞ்சல் கட்டத்தில் என் கை நின்றுவிட்டது. அதைக் காலியாக விட்டு, மகளின் போன் நம்பரைப் போட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டேன். வங்கிக்காரன் அனுப்பவே இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? அவளுக்குப் படிக்க வராது, தொட்டியும் காலி. தடயமே இல்லாமல் செய்து வைத்திருக்கிறேன். இந்த யோசனை எனக்குள் இவ்வளவு சுலபமாக வந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் உள்ளவரையெல்லாம் சந்தேகப்பட்டவள், இத்தனை வருடத்தில் ஒரு நாளும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

வரும் வழியில் ஏ.டி.எம்மில் என் கணக்கிலிருந்து பன்னிரண்டாயிரம் எடுத்தேன்.

அவள் அப்போதுதான் வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்தேன். முன்னுரை எதுவும் வைத்தால் பொய் புகுந்துவிடும் என்று தோன்றியது.

"ஏட்டி, அன்னைக்கு ஒண்ணு கேட்டல்லா, உங்களுக்கு வந்தத நான் மறைச்சிட்டேனான்னு. அன்னைக்கு இல்ல. ஆனா அதுக்குப் பொறவு வந்துச்சு. ரெண்டு தடவ வந்துச்சு. களவாணி மெயிலுன்னு நெனச்சு நாந்தான் அழிச்சேன்."

கத்தி நின்றது. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் தெனமும் கேட்டேனே மைனி" என்றாள் தாய்.

"கேட்ட."

"இல்ல இல்லன்னு சொன்னியளே."

நான் பணத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பீஸைக் கட்டு, திருப்பித் தர வேண்டாம் என்றேன். இடம் கிடைத்த அன்றே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அன்று சொல்லியிருந்தால் அந்தப் படிவத்தையே அவள் மகள் நிரப்பியிருக்க மாட்டாள். அது மனதில் குத்திக்கொண்டே இருந்தது, இன்றும் குத்துகிறது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கிக்கிடுதேன். பிள்ள படிக்கணும். ஆனா இது கடன்தான் மைனி, மாசாமாசம் தந்துருவேன். என் ரூவா எம்புட்டு வந்திருக்கும்னு எனக்கு வந்த லெட்டருல இருந்திருக்கும்லா. அத நான் பாக்கவே இல்லையே" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏளா, அந்த ஈமெயில் என்னமோ உனக்குன்னு தனியா ஒண்ணு போடு" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆவணம் கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. அடுத்த ஒரு மாதத்துக்குள் சந்தில் இன்னும் ஆறேழு பேர் முகவரி மாற்றிக்கொண்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் டீயோடு போனைத் திறந்தால் பெரும்பாலும் கடன் மெயில்கள் மட்டும்தான் இருக்கின்றன. பிள்ளை செம்பூருக்கு வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு போகிறாள், பார்த்தால் சிரிக்கிறாள். அவள் அம்மாவும் என்னை மைனி என்றுதான் கூப்பிடுகிறாள். வித்தியாசம் ஒன்றுமில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லுவார்கள்.

ஆனால் அன்று, நான் வைத்த நோட்டுகளை அவள் கையில் எடுத்தாள். இடுப்பில் செருகவில்லை. என் எதிரிலேயே உட்கார்ந்து, விரலை எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாக எண்ணினாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"சரியா இருக்கு" என்றாள்.